ஏழாம் நம்பர் சிலேட்டு

என் மகளைச் சேர்ப்பதற்காகக் கிள்ளான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, டீச்சரம்மாவின் மேசைமேல் ஒரு பழைய சிலேட்டு கிடந்தது. இடப்பக்க மூலை உடைந்திருந்தது. மரச்சட்டத்தின் ஓரத்தில் என் அண்ணன் பேனாக்கத்தியால் கீறிய அவன் பெயரின் முதல் எழுத்து இன்னும் அழியவில்லை. அது என் சிலேட்டு. மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டி, சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவளையும் அடையாளம் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷமாக யாரை நினைத்தால் எனக்கு வயிறு எரியுமோ அவளேதான், நான் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த மாட்டுவண்டிக்காரரின் மகள்.

என் அப்பா அங்கே ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அவர் ஏட்டில் பதிந்து அனுப்பும் மூட்டைகளைத்தான் அவள் அப்பா வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோவார். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில். அவளைப் போன்ற ஏழெட்டுப் பெண்களுக்குச் சிலேட்டு கிடையாது. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். மணலில் எழுதினால் கூட்டலைத் தாண்ட முடியாது, முழங்கை பட்டாலே பாதிக் கணக்கு போய்விடும். அதனால் கணக்கில் அதுவரைக்கும் நான்தான் முதல். என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மகாராணித்தனமெல்லாம் கண்டிராக்டர் வீட்டு அம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய நாளோடு சரி.

அந்த அம்மா ரோடு போடும் கண்டிராக்டரின் மனைவி. இல்லாத பிள்ளைகளுக்கென்று புதுச் சிலேட்டும் பெட்டி பெட்டியாகக் குச்சியும் கொண்டுவந்து கொடுத்தார். அடேயப்பா, என்ன சிலேட்டு! மஞ்சள் மரச்சட்டம், அதில் துளை போட்டுச் சிவப்புக் கயிறு, கிட்டே போனால் புது மரத்தின் வாசனை. நான் வைத்திருந்ததோ அண்ணன் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனபோது தள்ளிவிட்டுப் போன மூலை உடைந்த சனியன். எனக்கும் அந்த மாதிரி வேண்டும் என்று அப்பாவிடம் அழுதேன். "இருக்கறதுல எழுத வருதா இல்லையா? கிராணி மகளுக்குத் தர்மச் சிலேட்டு கேக்குதா?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. வண்டிக்காரர் மகளோ ஒரே மாதத்தில் பெருக்கலை முடித்து வகுத்தலுக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா வந்து, தான் கொடுத்த சிலேட்டில் எழுதும் பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுப் போவார். ஒரு தடவை நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். வளையல் போட்ட அந்தக் கை என்னைத் தாண்டி அவள் தலைக்குப் போனது.

அந்தச் சிலேட்டுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தொலைந்துபோகக் கூடாதென்று வாத்தியார் ஒவ்வொன்றின் பின்னாலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார். வண்டிக்காரர் மகளுடையது ஏழு. சாயங்காலம் மணி அடித்தால் நம்பர் சிலேட்டுகள் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வாத்தியார் பூட்டிவிடுவார், எது யார் கையிலிருந்து வந்தது என்று பார்க்கமாட்டார். சொந்தச் சிலேட்டு உள்ளவர்கள் வீட்டுக் கணக்கை எழுதி எடுத்துப் போவோம், மற்றவர்களுக்கு வீட்டுக் கணக்கே கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பொறாமைப்பட்டவள் கண்ணுக்கு மஞ்சள் சட்டத்தைத் தவிர வேறென்ன தெரியும்?

இந்த நேரத்தில்தான் கண்டிராக்டரம்மா சொன்னார், வருஷக் கடைசியில் பரீட்சை வைத்து, முதலாவதாக வருகிற பெண்ணைத் தன் செலவில் இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கவைப்பதாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று சொல்லிவந்த அப்பாகூட, "பரிசுன்னா அது வேற. ஜெயிச்சா போய்க்கோ" என்றுவிட்டார். அந்த ஸ்கூல் வாசலை மிதிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். என்னை முந்தக்கூடியவளும் ஒருத்திதான். ஏழாம் நம்பர் சிலேட்டு மட்டும் இல்லாவிட்டால் இவள் மறுபடி மணலுக்கே போய்விடுவாள் என்று என் மனசு கணக்குப் போட்டது. பத்து வயசுப் பிள்ளை நினைக்கிற நினைப்பா அது! ஆனால் நினைத்தேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம், சிலேட்டு, குச்சி எல்லாவற்றையும் சாமி படத்தின் முன்னால் குவித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அன்று யாரும் எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் வந்து எடுத்து, முதல் எழுத்தை எழுத வேண்டும். நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். ஏழின்மேல் சந்தனம் அப்பியிருந்தது, துடைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அவள் வந்து குவியலைக் கிளறினாள். பிறகு என் மடியைப் பார்த்தாள். "ஏய், அது என்னுது" என்றாள். "சாமிகிட்டேருந்து யார் கைக்கு எது வருதோ அதுதான். மாத்துனா படிப்பு வராது" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு! அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடைசியாகக் கிடந்த என் மூலை உடைந்த சிலேட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்னால் நம்பர் இல்லை. அவள் முகத்தில் வந்த சிரிப்பு அப்போது எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் புரிந்தது. மஞ்சள் சட்டச் சிலேட்டை அலமாரியில் வைத்துவிட்டு நான் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன். அவள் என் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவள் சிலேட்டு நிறைய வீட்டுக் கணக்கு இருக்கும். அப்பா வண்டியை அவிழ்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தில், வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து போடுவாளாம். எனக்கு எழுத ஒன்றுமில்லை. வேறு சிலேட்டு கேட்டால் பழையது எங்கே என்பார் அப்பா. பத்து நாள் தாங்கினேன், பிறகு மானத்தை விட்டு அவளிடமே போய், "மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "சாமி குடுத்தது. மாத்துனா படிப்பு வராதுன்னு நீதானே சொன்னே?" என்றாள். என் சொல்லை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள் பாவி!

பரீட்சையன்று பெற்றோர்களும் வந்திருந்தார்கள். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் கணக்கு ஒரு பெரிய வகுத்தல். நான் பாதியில் நின்றேன், அவள் முடித்து மீதியையும் எழுதிவிட்டாள். கண்டிராக்டரம்மா அவள் சிலேட்டை வாங்கிப் பார்த்து, "நான் குடுத்தது எங்கம்மா?" என்று கேட்டார். அவள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. "இதுதாம்மா வீட்டுக்கு வரும்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அந்த அம்மாவின் கண் அதற்குள் என் மடிக்கு வந்துவிட்டது. "அட, கிராணியார் பொண்ணுக்கும் நம்ம சிலேட்டுதானா! நல்லாப் படிம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லி என் தலையைத் தடவினார். எத்தனை வெள்ளிக்கிழமை அதற்காக ஏங்கியிருக்கிறேன்! அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் பாயின்மேல் புதுச் சிலேட்டு ஒன்று இருந்தது, மஞ்சள் சட்டம், சிவப்புக் கயிறு. அடுத்த வருஷம் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் வெள்ளை கவுனும் சப்பாத்துமாக எங்கள் ரயில்வே குவாட்டர்ஸைத் தாண்டித்தான் தினமும் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போவாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

கிள்ளானில் அன்று டீச்சரம்மா என் மகளின் பெயரை எழுதிக்கொண்டு, மூலையில் இருந்த கட்டு ஒன்றிலிருந்து ஒரு புதுச் சிலேட்டை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அவளே கடை கடையாக ஏறி இறங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் தர்மமாகக் கேட்டு வாங்கியதாம். நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று அப்பாவின் குரல் என் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, சிலேட்டைத் திருப்பிப் பார்த்தேன். "நம்பர் போடலையா?" என்று கேட்டுவிட்டேன். "போட்டா அலமாரிக்குத்தான் போகும். இது வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லி நிமிர்ந்தாள். என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். இந்த நல்ல பெயரும் இவளுக்குத்தானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன்.

என் கை என்னை அறியாமல் மேசைமேல் போய் அந்த உடைந்த மூலையைத் தொட்டது. அவள் சிலேட்டை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோ. இப்ப மாத்திக்கலாம்" என்றாள். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். "வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். புதுச் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பெருந்தன்மையில் வேண்டாம் என்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை.