சிவப்புப் பட்டைத் தட்டு

ஆய்வகத்தில் அக்காவுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், உயிரணுக்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள் என்பான் தம்பி. சொன்னதில் தப்பில்லை. பதினோரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், வட்டத் தட்டுகளில் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி வருகிறவள் அவள்தான்.

தம்பி பெயின்டர். முப்பது வயதுக்குள் ஏணியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஒரு சொட்டு தொடாதவனைத் தெருவே குடிகாரன் ஆக்கிவிட்டது. இந்தத் தெருவை என்னவென்று சொல்ல! அம்மா, அப்பா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த மரபுக் கோளாறு, அக்காவை விட்டுவிட்டு அவனை மட்டும் பிடித்துக்கொண்டது.

இருவர் கைத்தோலிலும் ஆளுக்கொரு துணுக்கு வெட்டி எடுத்து, நரம்புக் குருத்தணுக்களாக மாற்றி வளர்த்தார்கள். அவனுடையதற்குச் சிவப்புப் பட்டை, அவளுடையதற்குப் பச்சை. அவளுடையவை மளமளவென்று கிளைவிட்டு நரம்பணுக்களாகும். அவனுடையவை பத்தாம் நாள் சுருண்டு செத்துவிடும். நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன் அவற்றுக்குள் துருவாக ஏறுகிறது என்று ஆய்வகத் தலைவி விளக்கினார். ஐந்து முறை அந்தத் தட்டைக் கொட்டியவள் அக்காதான். ஒவ்வொரு முறையும் தம்பியையே கொட்டுவதுபோல் இருந்தது.

ஆறாம் முறை, ஆக்சிஜனைக் குறைத்த பெட்டிக்குள் இரண்டு தட்டுகளையும் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை நுண்ணோக்கியில் குனிந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்புப் பட்டைத் தட்டு முழுக்கக் கிளைகள்! பச்சையில் எப்படியோ அப்படியே. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி பார்த்தாள்.

அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வந்தது. பட்டை ஒட்டிய பிறகே அணுக்களை ஊற்ற வேண்டும் என்பது அங்கே சட்டம். தட்டுப் போட்ட அன்று, தம்பி தெருவில் விழுந்துவிட்டான் என்று போன் வந்த பதற்றத்தில், ஊற்றிவிட்டுத்தான் ஒட்டினாள். இரண்டிலும் தன் அணுக்களையே ஊற்றியிருந்தால்? அவசரக்குடுக்கை என்று தம்பி சும்மாவா கூப்பிடுகிறான்?

மூடி மறைத்திருக்கலாம், ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் பொய்யான நம்பிக்கையை அவன் தலையில் கட்ட மனம் வரவில்லை. தலைவியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கியது, ஆனால் திட்டவில்லை.

"ஆண் அணுவா, பெண் அணுவான்னு சோதிச்சா தெரிஞ்சுபோகுது. மூணு மணிக்குள்ள சொல்லிடுவாங்க."

மூன்று மணி வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய குடுவைகளையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மூன்றேகாலுக்குத் தலைவி தாளை நீட்டினார். சிவப்புப் பட்டை: ஆண்.

நடைபாதைக்கு ஓடிப்போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அது நீதான்டா. சாகல. நல்லா வளர்ந்திருக்க."

"அப்போ மருந்து வந்துடுச்சாக்கா?" வார்த்தைகள் குழறி, மெதுவாக வந்தன.

"இல்லடா. மருந்து இல்ல. இத மறுபடி மறுபடி செஞ்சு பாக்கணும். அதுக்கே வருஷக்கணக்கா ஆகும்."

சரிக்கா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, வெட்டுத் தழும்பில்லாத இன்னொரு கையின் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தான்.

"இதுலயும் வெட்டிக்கச் சொல்லு."