மொராவியர் விடுதியில் மூன்று சீட்டு

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு டார்னெய்ட் வீட்டை விட்டுக் கிளம்பினோம். போகிற இடம் டிம்பூலா ஊருக்கு வடக்கே ஆன்ட்வெர்ப் என்ற குக்கிராமம், முந்நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே மொராவியர் என்ற ஜெர்மானியப் பாதிரிமார் காலனி நாளில் கட்டிய விடுதி இருக்கிறது, பார்க்க வேண்டும் என்பது நான் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. சிட்னியில் ஒரு வேலை. வருகிறேனா என்று மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும். முடிவெடுக்க வேண்டிய நாளில் நான் வீட்டில் தங்குவதில்லை.

பதினாறு வருடத்தில் ஐந்து வீடு மாறியவன் நான். என் மனைவி சுதா அட்டைப் பெட்டிகளை எறிவதே இல்லை, மடித்து வைத்திருக்கிறாள். போன மாதம்தான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது.

ஒன்பதே முக்கால், வழியில் அராரட். காபி ஐந்தரை டாலர்.

"சிட்னியில, கெல்லிவில் பக்கம் வீடு நல்லா பெரிசா கிடைக்கும்" என்றேன்.

"இந்த வீட்டு மாடி ரூமுக்கே இன்னும் லைட் மாட்டலை" என்றாள் சுதா.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சமவெளியில் சுண்ணாம்புக் கல் தேவாலயம், பக்கத்தில் சமையற்கட்டு, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தூங்க வைத்த விடுதி. சுற்றிக் காட்டியவர் ரோஸ், இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். அவருடைய உறவினர் ஒருத்தி இந்த விடுதியில் வளர்ந்தவளாம்.

மொராவியரை எனக்கு முன்பே பிடிக்கும். எங்கள் தரங்கம்பாடிப் பக்கமும் வந்து, தோட்டம் போட்டு, கிளம்பிப் போனவர்கள். கல்யாணமோ பயணமோ, ஒரு காலத்தில் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்களாம்: ஆம், இல்லை, வெற்றுச் சீட்டு. வெற்று வந்தால் பொறுத்திரு என்று அர்த்தம். இதை நான் ரோஸிடமே விளக்கினேன். என் துணிச்சல் அப்படி.

ரோஸ் சுவரைத் தடவியபடி சொன்னார்: "மிஷனை மூடினப்போ நிறையப் பேரைத் தூரத்துக்கு அனுப்பினாங்க. போறியான்னு எங்க ஆட்களை யாரும் கேட்கலை. சீட்டும் நீட்டலை."

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன், பெட்ரோல் ரசீதை மூன்றாகக் கிழித்து, எழுதி, மடித்து சுதாவிடம் நீட்டினேன். "நீயே எடு."

அவள் எடுக்கவில்லை. மூன்றையும் பிரித்தாள். இரண்டில் 'போகலாம்'. ஒன்று வெற்று.

"'வேண்டாம்' எங்கே?"

திருட்டுத்தனம் பண்ணவில்லை, சத்தியமாக. எழுதத் தோன்றவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் எழுதினது என்ன?" என்று ரோஸ் கேட்க, சுதா சொன்னாள். ரோஸ் சிரித்துவிட்டார். "பாதிரிமாரே பரவாயில்லை போலிருக்கே!"

சுதா சிரிக்கவில்லை. "அஞ்சு வீட்டுலயும் ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை நீங்க."

"இப்ப கேட்கிறேன்."

"எனக்கு வர இஷ்டமில்லை."

மூன்று மணி, டிம்பூலா. வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கையும் காலும் பரபரவென்றிருந்தன. அடுத்த ஊர் எது என்று வரைபடத்தைப் பார்த்தேன். ஹார்ஷம். அங்கே மாடி ரூமுக்கு விளக்கு வாங்கினோம், முப்பத்திரண்டு டாலர்.

"மாட்ட ஏணி வேணுமே" என்றாள் சுதா, கார் கிளம்பியதும்.

"பக்கத்து வீட்டுல கேட்டா தருவாங்க."

"அவங்க பேரு என்ன?"

முந்நூறு கிலோமீட்டரும் யோசித்தேன். தெரியவில்லை.