எழுபத்தோராவது ஊசி

அயர்லாந்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்கும் தோசைமாவுக்கும் நடுவே என் ஊசிகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றை எடுத்து, குளிர் விட அரைமணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டு, தொடையில் நானே குத்திக்கொள்ள வேண்டும். ஊசி என்றால் யாரோ போடுவார்கள், நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று வளர்ந்தவள் நான். போன ஆண்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது மாரடைப்பு வந்தது. வயது நாற்பத்தாறு. ரத்தக் கொழுப்பைக் குறைக்கத் தந்த மாத்திரை தசைகளை முறுக்கி எடுத்தது. வேறு மாத்திரையும் அப்படியே. அதன் பிறகுதான் இந்த ஊசி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, உங்கள் அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார். “கேஸ்” என்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள், வாய்வு நெஞ்சை அடைத்துவிட்டது என்று. “கேஸ் கசிவா? வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று அவர் பதறினார். அவருக்கு விளக்கப்போய் எனக்கே விளங்கியது. நாற்பத்து நான்கு வயதில், மிளகு பறித்த ஏணியிலிருந்து இறங்கி வந்து அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டது வாய்வினால் அல்ல. ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்து, பிறகு ஜீப்பில் ஏற்றினோம். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் பாதியைக்கூட அவர் தாண்டவில்லை.

இந்த ரத்தக் கொழுப்பு பரம்பரையாக வருவது, பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, உடன்பிறந்தவர்களையும் சோதியுங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒரே தம்பி, ஒரே மகள். மகளுக்குப் பதினான்கு வயது. அங்கே அவள் முறை வர மாதங்கள் ஆகுமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. லீவு போட்டு, ஐஸ் பையில் ஓர் ஊசியோடு அவளை அழைத்துக்கொண்டு மலையேறினேன். தம்பி பையைத் திறந்து பார்த்தான்.

“ரோட்டுல எழுவது ஊசி இருக்குது, பத்தலைன்னு நீ ஒண்ணு கொண்டாந்தயாக்கா? எதுக்கு இது?”

“கொழுப்புக்குடா.”

“உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அப்பா அப்பவே சொல்லுவாரு. இப்பத்தான் மருந்து கண்டுபுடிச்சாங்களா!”

மறுநாள் நாமக்கல்லில் அவனும் மகளும் ரத்தம் கொடுத்தார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இருக்கக்கூடாது என்று வேண்டினேன். தம்பிக்கு இருக்கட்டும் என்றும் ஓர் ஓரத்தில் நினைத்தேன், துணைக்கு.

முடிவு போனில் வந்தபோது மதியம். என் ஊசி அவன் மேசைமேல் குளிர் விட்டுக்கொண்டிருந்தது. அவன் மூன்றாம் முறை பன்றிக்கறி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு இல்லையென்றால் அவன் பிள்ளைகளுக்கும் பயமில்லை. என் மகளின் கொழுப்பு எண் மட்டும் என்னுடையதைப் போலவே சிவப்பில் இருந்தது. அப்பாவின் காடு அவனுக்கு. அப்பாவின் மூக்கு, நடை, செருமல்கூட அவனுக்கு. எனக்கு வந்த பங்கு இதுதானா? அவன் தட்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

“குடுத்து வெச்சவன்டா நீ” என்றேன். குரலில் இருந்த நஞ்சு அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“நீ இங்கயே இருந்திருந்தா உனக்கும் ஓமத்தண்ணிதான்க்கா. அந்த ஊசியப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது, அப்பாவுக்குக் கெடைக்கலையேன்னு.”

மகள் கேட்டாள்: “அம்மா, நானும் குத்திக்கணுமா?”

“உனக்கு மாத்தர ஒத்துக்கும் கண்ணு.” ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது.

இடது தொடையில் வைத்து அழுத்தினேன். சொடுக்கும் ஓசை கேட்டதும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அயர்லாந்துக்குத் திரும்பும் நாளில் பஸ்ஸில் மலையிறங்கியபோது, காலி ஊசி என் கைப்பையில் இருந்தது. குத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா அயர்லாந்து வீட்டில்தான் இருக்கிறது. இடது தொடையில் ஊசி பட்ட இடம் இன்னும் கன்றியிருந்தது. அடுத்த முறை வலது தொடை, அது அங்கே. மகள் ஜன்னலோரம், எழுபதிலிருந்து குறைந்துகொண்டே வரும் வளைவுகளின் எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா தாண்டாத வளைவு அது. அவளுக்கு அது தெரியாது.

“முப்பத்தேழு” என்றாள்.