மாரக்காள் மறைத்த சோளம்

மாரக்காள் தன் வாழ்நாளில் இரண்டே பொய்கள்தான் சொன்னதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொள்வாள். இரண்டையும் ஒரே நாளில், அரை மணி நேரத்துக்குள் சொன்னாள். இரண்டும் சோளக் கதிரைப் பற்றியவை.

அது 1935. மல்லசமுத்திரத்துப் பக்கம் இரண்டாவது வருடமாக மழை பொய்த்திருந்தது. கணவன் குழந்தைவேல் இறந்த பிறகு நடந்த பாகப் பிரிவினையில் கிணறும் தோட்டமும் அவன் தம்பி செங்கோடனுக்குப் போயின. கல்லும் சரளையுமான மேட்டுக்காடு மாரக்காளுக்கு வந்தது. அவள் விதைக்கிற சோளம் இடுப்பு உயரத்தைத் தாண்டாது. வெள்ளை, சிவப்பு, தலை கவிழ்ந்தது, விரிந்தது என்று பலவும் கலந்து நிற்கும். கதிர் ஒவ்வொன்றும் விரல் தடிமன்தான். ஆனால் அந்த வருடம் ஊரில் மற்ற மேட்டுக்காடுகள் சருகாகிப் போக, அவள் மட்டும் நாலு மூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அறுவடை முடிந்து பத்து நாள் கழித்து, சேதி கேள்விப்பட்டுக் கோயமுத்தூர் விதைப் பண்ணையிலிருந்து மேஸ்திரி அப்புசாமி வந்தார். தோளில் துணிப்பைகள், சட்டைப் பையில் அட்டைகள். ஊர் ஊராக நடந்து, வறட்சியில் பிழைத்த சோளத்தைச் சேர்ப்பதுதான் அவர் வேலை.

“உங்க காட்டுக் கதிரு நாலு குடுங்க, போதுமுங்க” என்றார்.

மாரக்காள் அவருக்குக் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கூடையிலிருந்த கதிர்களைப் பார்த்தாள். வீடு தேடி வந்தவர் கையில் இதையா கொடுப்பது? புழக்கடை வழியாகச் செங்கோடன் தோட்டத்துக்கு ஓடினாள்.

“மாரியம்மன் கோயில்ல கட்ட நாலு கதிரு வேணும் தம்பி.”

அண்ணியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான். “சாமிக்குன்னா நல்லதாத்தான் குடுக்கோணும் நங்கை. உன்ற காட்டுக் கதிரைக் கட்டுனா ஆத்தாளே கோயிலை உட்டு எந்திருச்சுப் போயிருவா” என்று சிரித்தபடி, கை நிறைகிற கதிராக நாலு பார்த்துக் கொடுத்தான்.

அப்புசாமி கதிரை வாங்கி, இரண்டு மணியை உள்ளங்கையில் உருட்டினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“மானாவாரிதானுங்களே?”

“மானத்துத் தண்ணியத் தவிர ஒரு சொட்டுப் பாயலீங்க.”

அட்டையில் அவள் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் மேட்டுக்காட்டில் சோளம் முற்றி நின்றபோது திரும்பி வந்தார். நேரே காட்டுக்கே வந்தார். செங்கோடன் பக்கத்து வரப்பில் எருதுகளை மேய்த்துக்கொண்டிருந்தான்.

“பண்ணையில நானூறு ஊருச் சோளத்தைத் தண்ணி காட்டாம வரிசை வரிசையா வெச்சோமுங்க” என்றார் அப்புசாமி. “உங்க பேரு போட்ட வரிசைதான் மொதல்ல காஞ்சுது. பண்ணைப் பெரிய அதிகாரி அதைப் புடுங்கி எறியச் சொல்லீட்டாரு.”

மாரக்காளுக்கு முகம் எரிந்தது. அவள் வாய் திறப்பதற்குள் செங்கோடன் குறுக்கே வந்தான்.

“இந்தச் சோளமா காஞ்சுது? நல்லாப் பாத்தீங்களா? ரெண்டு மாசம் இலையைச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கும், ஒரு தூத்தல் உழுந்தா எந்திருச்சுக்கும். கழுதை மேஞ்சாலும் சாகாதுங்க இது.”

“அப்பப் பை மாறியிருக்கோணும்” என்றார் அப்புசாமி. “என்ற கை தப்புத்தான். அப்படியே எழுதிக் குடுத்தர்றேன்.”

அத்தோடு முடிந்திருக்கும். பழி அவர் தலையில் விழும், அவள் பேசாமல் இருந்தால் போதும். மாரக்காள் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

“பை மாறலீங்க. நான் குடுத்தது இந்தக் காட்டுதில்ல. தம்பி தோட்டத்துக் கதிரு. சாமிக்குன்னு சொல்லி வாங்கி உங்களுக்குக் குடுத்தேன்.”

செங்கோடன் எருதின் கயிற்றை விட்டுவிட்டான். “ஆத்தா பேரைச் சொல்லியா நங்கை?”



“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க” என்றார் அப்புசாமி மெதுவாக. “தண்ணி குடிச்ச மணி கையிலயே சொல்லும். கேட்டிருக்கோணும். அப்பத்தான் உங்க ஊட்டுக் கூழைக் குடிச்சிருந்தேன், கேக்கக் கூச்சமாப் போச்சு. ஒரு வருசம் வீணாப் போனதுல எனக்கும் பங்கிருக்குது.”

“நடந்ததை நடந்தபடி எழுதுங்க.”

“எழுதுனா என்ற தோட்டந்தான் மொதல்ல காஞ்சுதுன்னு ஆவுமே” என்றான் செங்கோடன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எருதுகளை ஓட்டிக்கொண்டு போனான். அந்த வருடம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புசாமி வரப்பில் உட்கார்ந்து அட்டையில் எழுதினார். “எல்லாம் ஒண்ணுபோல இருந்தா எல்லாம் ஒரே நாள்ல சாவுமுங்க. இப்படிக் கலந்து நின்னாத்தான் எதாச்சும் ஒண்ணு தப்பிக்கும். அந்த ஒண்ணைக் கண்டுபுடிச்சு, பெருங்கதிருச் சோளத்தோட சேத்துப் புது வித்துப் பண்ணத்தான் இத்தனை அலைச்சல். நாப்பது கதிரு அறுங்க. நெறத்துக்கொண்ணு, சாதிக்கொண்ணு. இளைச்சதையும் உடாதீங்க.”

மாரக்காள் அரிவாளோடு இறங்கினாள். சிவப்பில் ஒன்று, தலை கவிழ்ந்ததில் ஒன்று என்று அறுத்துக்கொண்டே போனாள். ஆனால் இளைத்த கதிரின் பக்கம் போகிறபோதெல்லாம் கை தானாக அதைத் தாண்டி, பக்கத்திலிருந்த பெரிய கதிரைப் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் வரப்பிலிருந்து, “அது வேண்டாமுங்க” என்று குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கையை எடுத்து, இளைத்ததை அறுத்து, அவர் முகத்தைப் பாராமல் நீட்டினாள்.