இரண்டு அப்பாக்களும் சம்மதித்தால் மட்டும்

எங்கள் கலியாணத்துக்கு இரண்டு வீடுகளும் சம்மதித்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. நாங்கள் வெள்ளவத்தையில் சைவக் குடும்பம். நான் கட்டப்போகிறவரின் வீடு கொட்டாஞ்சேனையில், கத்தோலிக்கர்கள். காலையில் ஹோலில் தாலி கட்டுவது, பின்னேரம் தேவாலயத்தில் ஆசீர்வாதம், இரண்டும் ஒரே நாளில் என்பது வரை பேசி முடித்தாயிற்று. எந்த நாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. முதலில் நாள் சொல்கிற பக்கம் தன் வழக்கத்தை மற்றப் பக்கத்தில் திணித்ததாக ஆகிவிடும் என்று என் அப்பா நினைத்தார். நான் கட்டப்போகிறவரின் அப்பாவும் அப்படியே நினைத்தார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே இருவரும் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். எதையும் பட்டியலாகப் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். கைத்தொலைபேசியில் இருந்த கலியாணப் பட்டியலில் ஹோல், ஐயர், பாதர், சாப்பாடு, கூறைச்சேலை, அழைப்பிதழ் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே குறிப்புத்தான்: நாள் தெரிந்த பிறகு.

நான் கட்டப்போகிறவரின் அப்பாவை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். டுபாயில் இருக்கும் அவருடைய மூத்த மகள், பிறந்தநாள் பரிசாக, டிஜிட்டல் நாணயம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் அவர் பெயரில் கணக்குத் திறந்து கொஞ்சம் காசு போட்டுக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல அங்கிள் நாணயத்தின் விலையைப் பார்ப்பார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடித்து, ரயிலேறி அங்கிள் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து, வெயிலைப் பற்றிப் பேசி, பெற்றோல் விலையைப் பற்றிப் பேசி, எல்லாம் தீர்ந்துபோனது. கடற்கரைப் பக்கமாக ஒரு ரயில் போனது. மிச்சமிருந்தது கலியாண நாள் மட்டும்தான். அதைத் தொடாமல் அங்கிள் என் பக்கம் திரும்பி, இந்த ஏஐ உதவியாளர்களை எக்ஸ்சேஞ்சோடு இணைத்துவிட்டால் அதுவே பார்த்து வாங்கி விற்குமாமே, உங்களால் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய செலவுகளைச் சந்தேகப்பட்டவர்.

"அப்ப ரெண்டாவது கையெழுத்து ஆர் வைக்கிறது?" என்றார்.

அங்கிளுக்கு விளங்கவில்லை. எந்த அலுவலகத்திலும் காசு வெளியே போவதற்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று அப்பா விளக்கினார். பெட்டி ஒன்று தனியாகத் தீர்மானித்துத் தனியாகச் செலவழிக்குமென்றால், அப்படிப்பட்ட கந்தோரைத் தான் இரண்டே நாளில் மூடியிருப்பேன் என்றார்.

"அப்போ நீங்களே வைங்க சார்," என்றார் அங்கிள். "முதல் கையெழுத்து நான், ரெண்டாவது நீங்க. மகள் செஞ்சி தரட்டும்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா கையெழுத்து என்ற வார்த்தையைக் கேலியாக எடுக்கிறவரல்ல. சரி என்றார். உள்ளே அம்மா எனக்குக் கேட்கும்படி மெல்லச் சொன்னார்: "நாள் கதைக்கச் சொன்னா, இவையள் நாணயம் கதைக்கினம்."

அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன். எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருப்பவர் வெளியிலுள்ள மென்பொருள் ஒன்றுக்குச் சாவி கொடுக்கலாம். எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளக் கோவைதான் அந்தச் சாவி. அது எதையெல்லாம் திறக்கலாம் என்று கணக்குக்காரரே தீர்மானிக்கலாம்: இருப்பைப் பார்ப்பது, வாங்கி விற்பது, காசை வெளியே எடுப்பது. முதல் இரண்டையும் அங்கிளைக் கொண்டு அனுமதிக்க வைத்தேன். மூன்றாவதைப் பூட்டினேன். பூட்டியிருப்பதை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

இருவரிடமும் கேட்டுவிட்டு வாங்கு என்று ஏஐயிடம் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. அது விலைகளைப் படிக்கலாம், யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். வாங்க, விற்கச் சொல்லும் ஓடரை அனுப்பும் கதவை நான் எழுதிய சிறிய நிரலிடம் கொடுத்தேன். யோசனை வந்து கால் மணி நேரத்துக்குள் இரண்டு கைத்தொலைபேசிகளிலிருந்தும் சம்மதம் வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அப்பா "ஓம்" என்று எழுதலாம், அங்கிள் "ஆமா" என்று எழுதலாம். ஒருவர் எழுதாவிட்டாலும் யோசனை காலாவதி.

முதல் யோசனை ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிபோல வந்தது. அங்கிள் உடனே ஆமா போட்டார். அப்பா போடவில்லை. அங்கிள் அப்பாவுக்கு நேரடியாகத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் இருவரும் இடையில் ஆளில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

ராகு காலத்தில் கையெழுத்து வைக்க முடியாது என்றார் அப்பா. நாணயத்துக்கு ராகு காலம் தெரியுமா, அமெரிக்காக்காரன் இப்போது தூங்கப் போகிற நேரம் என்றார் அங்கிள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"அவன் நித்திரை கொள்ளட்டும்," என்றார் அப்பா. "நான் முழிச்சிருக்கிறன்."

நியாயமான நிபந்தனைதான் என்று ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கிழமைவாரியாக நிரலில் ஏற்றினேன். அடுத்த திங்களும் அதே எட்டு மணிக்கு யோசனை வந்து நின்றது. எக்ஸ்சேஞ்சுகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நான் ஏற்றிய ராகு காலம் கொழும்பில் மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பிள்ளை விடுகிற பிழை. அப்பா கோபிக்கவில்லை. "உன்ரை பெட்டிக்குக் கிழமை தெரியும், விடியிறது தெரியாது," என்று மட்டும் சொன்னார். அங்கிளுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார் என்று பிறகு தெரிந்தது.

பிறகு கத்தோலிக்கர்களின் தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல யோசனை ஒன்று வந்தபோது அப்பா ஓம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அங்கிள் தேவாலயத்தில் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார், தொலைபேசி வீட்டில். திரும்பி வந்து, தவக்கால வெள்ளியில் வியாபாரம் வேண்டாம், அதையும் போட்டுவிடுங்கள் மகள் என்றார். அதோடு ஞாயிறும், செவ்வாய்க்கிழமை நவநாள் செபமும். அப்பா அட்டமி, நவமி கொடுத்தார். அங்கிள் மாதா திருநாளையும் அதற்கு முந்திய நாட்களையும் கொடுத்தார். அப்பா ஆடி மாதம் முழுவதையும் கொடுத்தார். காயின் வாங்குவது வீடு குடிபுகுவதா என்று அங்கிள் கேட்டதற்கு, புதிதாகத் தொடங்குவது எல்லாம் ஒன்றுதான் என்றார். இதைத் தவிர அங்கிள் மத்தியானம் படுப்பார். அப்பா இரவு ஒன்பதுக்குப் படுப்பார். சந்தை பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் துள்ளும்.

ஒரு ஓடரும் போகவில்லை. வாரக்கணக்கில் ஏஐ பணிவாகக் கேட்டது, பணிவாகக் காலாவதியானது. தொலைபேசி அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. காலையில் அங்கிள் எடுப்பார். மாலையில் அப்பா எடுப்பார். யோசனை வராத நாட்களிலும் ஏன் வரவில்லை என்று பேசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அங்கிள் மீன் கட்லட்டோடு வந்தார். அன்று எங்கள் வீட்டில் மரக்கறி மட்டும்தான் என்று அம்மா சங்கடப்பட்டார். தவக்கால வெள்ளியில் தாங்களும் இறைச்சி தொடுவதில்லை, மீன்தானே என்று கொண்டுவந்தேன் என்றார் அங்கிள். அப்பா கட்லட்டைப் பார்த்து, வெள்ளி என்பது இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது என்று ஏதோ புதிய சட்டப்பிரிவைக் கண்டவர்போலச் சொன்னார். அடுத்த வெள்ளி அங்கிள் உருளைக்கிழங்கு கட்லட் கொண்டுவந்தார்.

இடையில் ஒரு நாள் விலைகள் பெரிதாக விழுந்தன. அங்கிளோடு வேலை செய்தவர்கள் சிலர் தலையில் கை வைத்தார்களாம். எங்கள் கணக்கு போட்டது போட்டபடி இருந்தது.

"மாதா காப்பாத்தினாங்க," என்றார் அங்கிள்.

"அண்டைக்கு நவமி," என்றார் அப்பா.

வைகாசி கடைசியில் அங்கிளுக்குப் பொறுமை போனது. இந்தக் கதவு எப்போதுதான் திறக்கும், அதையாவது காட்டுங்கள் என்று கேட்டார். நியாயம்தான். வருட முடிவு வரை இருவருடைய தடைகளையும் சேர்த்து ஒரு நாட்காட்டி போடும்படி ஏஐயிடம் சொன்னேன். தடையுள்ள நேரம் சாம்பல், திறந்த நேரம் பச்சை. டெப்லட்டில் அதைத் திறந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பெரும்பாலும் சாம்பல். இங்கொன்றும் அங்கொன்றுமாக மெல்லிய பச்சைக் கீற்றுகள்.

அப்பாவின் விரல் ஆவணியில் ஒரு வியாழக்கிழமையில் நின்றது. காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அகலமாகப் பச்சை. மூன்று மணிக்குப் பிறகு மறுபடி பச்சை.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஏதோ பிழை என்று நினைத்து நானும் பார்த்தேன். பிழை இல்லை. அப்பா அலுமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து வந்து பார்த்தார். சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தது. அங்கிள் பங்குத் தேவாலயத்தின் நாட்காட்டியைத் தொலைபேசியில் தேடினார்; அன்று திருநாளும் இல்லை, நவநாளும் இல்லை, பின்னேரம் தேவாலயம் வெறுமை. அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நானல்ல.

அங்கிள் தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இவ்வளவு நல்ல நாள்ல போயி காயினா சார் வாங்குறது?"

அப்பா மின்விசிறியைப் பார்க்கவில்லை. பஞ்சாங்கத்தை மூடினார்.

"அப்ப ஹோலைப் பிடிப்பம், சம்பந்தி," என்றார்.

அம்மா திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கேசரிக்கு ரவை வறுக்கும் வாசனை வந்தது. நான் என் பட்டியலைத் திறந்து, ஆறு வரிகளில் இருந்த குறிப்பையும் அழித்துவிட்டு அந்தத் தேதியைப் போட்டேன். அதற்குள் யார் பாதரிடம் போவது, யார் ஐயரிடம் போவது என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள். அப்பா பாதரிடம் போவதாகச் சொன்னார். அங்கிள் ஐயரிடம். இரண்டாவது கையெழுத்து எப்போதும் மற்றப் பக்கத்து ஆளுடையதாக இருக்க வேண்டுமாம்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் என் பட்டியல் மிக நீளமாக இருந்தது. பூமாலையிலிருந்து ஊசி நூல் வரை அதில் இருந்தது. ஏஐயை நிறுத்துவது மட்டும் இல்லை.

தாலி கட்டி முடிந்து, புகையில் கண் கரிக்க நான் மணவறையில் இருந்தேன். சபைக்கு அப்பால் அப்பா பட்டுவேட்டியோடு அவசரமாக அம்மாவிடம் வந்து கைப்பையைத் திறக்கச் சொல்வது தெரிந்தது. அவருடைய தொலைபேசி அதற்குள். அங்கிள் சூட்டோடு பக்கத்தில் நின்று கையைக் கையை ஆட்டினார். தேவாலயத்துக்குப் போகிற காருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு தலைகளும் ஒரு தொலைபேசிக்கு மேல் குனிந்தன. பிறகு இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் இருந்தவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "ஓடர் போயிடிச்சி போல."

போயிருந்தது. முதலாவது ஓடர். நல்ல விலைதான் என்று பின்னேரம் தேவாலய வாசலில் அங்கிள் எனக்குச் சொன்னார். இப்போது கார்த்திகை; அதை விற்பதற்கு இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தை இன்னும் தேடுகிறார்கள். மார்கழியும் கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலமும் சேர்ந்து வருவதால் தை வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று, அடுத்த வருடத்துக்கும் நீட்டிய நாட்காட்டி சொல்கிறது. அதற்குள் இன்னும் ஐந்தாறு தடைகள் கூடும். காலையில் ஒருவர் எடுக்கிறார், மாலையில் மற்றவர் எடுக்கிறார்.