சாந்தம்மாள் அக்காவின் 'ஆமா சார்'

சாந்தம்மாள் அக்காவுக்கு மேலிடத்தில் 'இல்லை' என்று சொல்ல வராது. கேரளாவில் வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷமாகக் கொழுந்து எடுத்தவர். முற்றல் இலை போட்டியா, வரிசையை விட்டுட்டியா என்று சூப்பர்வைசர் எது கேட்டாலும் "ஆமா சார்"தான். அப்போதுதான் திட்டு சீக்கிரம் முடியுமாம்.

லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்து வீடு. எங்களிடம் அந்த வாய் அடங்காது. என்னைக் கண்டால், "ஏ முருகேஸ்வரி, வாயைத் தச்சு வச்சிருக்கியாடி?" என்பார்.

புதன்கிழமைகளில் சுகாதாரத் துறை ஆஷா வொர்க்கர் ஜிஜி கொழுந்து எடை போடும் ஷெட்டுக்குப் பெரிய போனோடு வருவாள். எங்கள் பக்கம் ரேஞ்ச் கிடைப்பது அங்கே மட்டும்தான். அந்த போனில் டாக்டர் வந்து பேசுவார். கீழே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் எடை போட்ட கையோடு அப்படியே வரிசையில் நிற்போம்.

அன்று அக்காவின் முறை. "கண்ணாடிக்குள்ள இருக்கிற மனுசன் எப்படிடி நாடி பிடிப்பாரு?"

"அதுக்குத்தானே சேச்சி நான்" என்று ஜிஜி சிரித்தாள். ஆனால் அவளுடைய பிரஷர் மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. வரிசையோ நீளம், நாடியைக்கூட எண்ணாமல் போனை நீட்டினாள்.

"மயக்கமா வருது சார்" என்றார் அக்கா.

எங்களுக்கு மயக்கம் என்றால் கண் இருட்டி விழுவது. டாக்டர் மலையாளி; மலையாளத்தில் அது தூக்கக் கலக்கம்.

"பகலும் உறக்கம் வருந்நுண்டோ?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமா சார்."

சளி மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கும் ஆமா சார். அது மட்டும் நிஜம். அந்த மாத்திரைதான் தூங்க வைக்கிறது, நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்கு மலையாளம் புரியும். 'உறக்கம் இல்லை சார்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் இருபது பேர் நின்றார்கள். படித்தவரை நான் எப்படித் திருத்துவது? சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"நல்ல டாக்டருடி, திட்டவே இல்ல" என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சரிவில் எனக்கு மேல் வரிசையில் நின்றார். கொழுந்து வெட்டும் கத்தரிச் சத்தம் திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், செடிகளுக்கு மேலே தலை இல்லை. கீழே கல்லில் உருண்டு கிடந்தார். கண் திறந்ததும், "ஒண்ணுமில்லடி, மயக்கம்" என்றார். எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.

கம்பளியில் வைத்து நாலு பேர் ஷெட்டுக்குத் தூக்கினோம். ஆள் விட்டதும் ஜிஜி ஓடி வந்து போனைப் போட்டாள். இந்த முறை ஒரு பெண் டாக்டர்.

"இப்போ குறவுண்டோ, அம்மே?" என்று, தேவலையா என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் அக்கா.

போனை ஜிஜியின் கையிலிருந்து பிடுங்கினேன். "இல்ல டாக்டர்! இவங்க எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்வாங்க. உறக்கம் இல்ல. நினைவு தப்பி விழுறாங்க, போதம் கெட்டு வீழுந்நு!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

டாக்டர் நாடியை எண்ணச் சொன்னார். ஜிஜி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உதட்டை அசைத்தாள். "முப்பத்தி நாலு." டாக்டரின் முகம் மாறியது. இப்போதே வண்டி பிடியுங்கள் என்றார்.

ஜீப்பில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. நாடியை நான் விடவில்லை. ஒரு துடிப்புக்குப் பிறகு அடுத்தது வருமா என்று காத்திருந்து காத்திருந்து மலை இறங்கினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுத் தோலுக்கு அடியில் இதயத்தைத் துடிக்க வைக்கிற சின்ன மிஷின் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இனிமேல் அக்கா சரிவில் ஏற முடியாது. புதன்கிழமையே நான் வாய் திறந்திருந்தால் அவர் விழுந்திருக்கவே மாட்டார்.

அது அவருக்குத் தெரியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இவ பேசினதாலதான் நான் இருக்கேன்" என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லையாடி?" என்று கேட்கிறார்.

ஆமா என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையணையைச் சரிசெய்கிறேன்.