மாட்டேன் என்று சொல்லக்கூடாத நாடகம்

கையாட்டி டீச்சரின் கைகளைக் கட்டிவிட்டால் அவளுக்கு வாய் திறக்காது. கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் கண்டுபிடித்த உண்மை இது. அவள் ஜன்னலோரம் நின்று போனில் பேசினால் பக்கத்து வீட்டுக் கொடியில் ஈரத்துணி காய்ந்துவிடும் என்று தெருவில் பேச்சு. நம்பாதவர்கள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அந்த அம்மா துணியைப் பிழிந்து போட்ட கையோடு டீச்சருக்குப் போன் போடுவாளாம்.

அந்தக் கைகளை நம்பித்தான் அவள் பிள்ளைகளுக்கு ஓர் அந்நிய மொழி சொல்லிக்கொடுத்தாள். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் வகுப்பே கொட்டாவி விடும். அதனால் நாடகம். அதுவும் தனியாக இல்லை, கடலுக்கு அப்பால் இன்னொரு நாட்டில் அதே மொழியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் வழியாக. இவர்கள் வீட்டுப் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடையது இவர்களுக்குத் தெரியாது. நடுவில் இருந்தது இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத அந்த மொழிதான். வாடகை சைக்கிளை ஆளுக்கொரு பெடலாக மிதிப்பதுபோல் அதை ஓட்டினார்கள். விழாத நாள் கிடையாது, சிரிக்காத நாளும் கிடையாது.

கதை பிள்ளைகளே கட்டியது. ஒரு ராஜா தன் நிழலைத் தொலைத்துவிடுகிறான். நிழல் கடல் தாண்டி ஓடிப்போய் வாரம் ஓர் இடத்தில் ஒளிந்துகொள்கிறது. ராஜா இந்தப் பக்கம், வாய் ஓயாத ஒரு பெண்பிள்ளை, அட்டைக் கிரீடத்தோடு. நிழல் அந்தப் பக்கம், முன்பல் இடைவெளி விட்ட ஒல்லிப் பெண். "நான் பானைக்குள்ள இருக்கேன்", "நான் மழை மேகத்துக்குப் பின்னாடி" என்று அவள் சொல்ல, ராஜா தேட வேண்டும். அவளை எல்லாரும் நிழல் என்றே கூப்பிட்டார்கள். வேறு பேர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. எதிர்ப்பக்கம் எதைச் சொன்னாலும் 'இல்லை', 'மாட்டேன்' என்று மறுக்கக்கூடாது. ஒத்துக்கொண்டு கதையை மேலே நகர்த்த வேண்டும். புது மொழி படிக்கிற பிள்ளை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது 'இல்லை' என்ற சொல்லைத்தான், அதைச் சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடும், பேச்சு வளராது. சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. குறுந்தாடி வைத்த அந்தப் பக்கத்து வாத்தியாருக்கும் பிடித்துப்போயிற்று.

அந்தப் புதன்கிழமை திரை தெளிந்தபோது குறுந்தாடி வாத்தியாரைக் காணோம், மற்ற பிள்ளைகளையும் காணோம். நிழல் மட்டும் இருந்தாள், மேசைக்கு அடியில், கம்ப்யூட்டரைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு.

"நான் மேசைக்கு அடியில இருக்கேன்" என்றாள் கிசுகிசுப்பாக.

வகுப்பு ஆரவாரம் செய்தது. போன வாரம்வரை பானையும் மேகமும் வாய்வார்த்தைதான். இன்றைக்கு நிஜ மேசை!

"வெளியே ஆளுங்க வந்திருக்காங்க. வாத்தியாரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப இந்தக் கதவைத் தட்றாங்க."

தட்டுகிற சத்தமும் கேட்டது. "ஏய், சவுண்டு எல்லாம் போட்டிருக்காங்கடா!" என்று பின்பெஞ்சில் ஒருத்தன் மெச்சிக்கொண்டான்.

ராஜா எழுந்து கிரீடத்தைச் சரிசெய்தாள். "பயப்படாதே நிழலே! அவங்க என் சேவகர்கள். கதவைத் திற. அவங்ககூட வந்துடு!"

நிழல் கதவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த மொழியில் தெரிந்ததெல்லாம் நாடகத்துச் சொற்கள். 'இது நாடகம் இல்லை' என்று சொல்லத் தெரிந்திருக்குமோ என்னமோ. தெரிந்தாலும் அந்தச் சொல்லுக்குத்தான் தடை போட்டாயிற்றே.

டீச்சர் ராஜாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவள் கைகள் தானாகவே எழுந்தன. எழுந்திரு, போ, போ, பிரமாதம் என்று வீசின.

நிழல் எழுந்து போனாள். மேசைக்கால்களுக்கு நடுவே அவள் செருப்பு கொஞ்ச தூரம் தெரிந்தது. தாழ்ப்பாள் சத்தம். பிறகு திரை கறுத்தது. வகுப்பு முழுக்கக் கைதட்டியது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வாஷிங்மெஷின் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு செய்தி பார்த்தார். "ஏம்மா, உன் நிழல் இருக்கிற ஊரு பேரு என்னமோ சொன்னியே, அதுவா பாரு. பள்ளிக்கூடத்துக்குள்ள எல்லாம் துப்பாக்கியோட பூந்துட்டானுங்களாம்."

அவள் வந்து பார்த்தாள். மாவு பிசைந்த கையோடு நின்றுபோனாள். அவள் கைகள் அசையாமல் தொங்குவதை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். மோட்டாரைத் தள்ளிவைத்துவிட்டு டிவியை அணைத்தார்.

அந்தப் பள்ளிக்கு மெயில் போட்டாள். பதில் இல்லை. அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போன் செய்தாள். "காணாமப் போன பிள்ளை பேரு என்னம்மா?" என்றது மறுமுனை. நிழல் என்று சொல்ல முடியுமா? முன்பல்லில் இடைவெளி என்றாள். "பேரு தெரிஞ்சதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள். குறுந்தாடி வாத்தியாரின் பேரைக் கொடுத்துப் பார்த்தாள். அவரைக் காணவில்லை என்று அவர்களே அவளுக்குச் சொன்னார்கள். அவளுக்குத் தெரியாததா?

வகுப்பில், "நிழல் எப்ப வரும் டீச்சர்?" என்று ராஜா நச்சரித்தாள். "அவங்க ஊர்ல லீவும்மா" என்றாள். எத்தனை நாளைக்குத்தான் லீவு விடுவது? கரண்ட் போச்சு என்றாள், பரீட்சை என்றாள். பொய்க்கும் கற்பனை வறண்டுவிட்டது.

இதற்கு நடுவில் ஹெட்மாஸ்டர் ஒரு காரியம் செய்துவிட்டார். வாராவாரம் பதிவாகும் நாடகங்களில் அந்தப் புதன்கிழமைப் பதிவை எடுத்து, பள்ளிகளுக்கான போட்டி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். அது முதல் பரிசும் வாங்கிவிட்டது.

"என்ன நடிப்பு டீச்சர்! கண்ணுல அந்தப் பயம் இருக்கே, நமக்கு வராது" என்றார். "ஆண்டுவிழாவில பெரிய திரையில போடறோம்."

"வேண்டாம் சார்."

"ஏன், காரணம் சொல்லுங்க."

காரணத்தைச் சொன்னால் அது ராஜாவின் காதுக்குப் போக ஒரு மதியம் ஆகாது. 'கதவைத் திற' என்று சொன்னது அந்தப் பிள்ளையின் வாய். டீச்சர், "அவங்க சம்மதம் கேக்கலையே சார்" என்றாள். "கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறாங்க?" என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார்.

விழா அரங்கில் விளக்கை அணைத்தார்கள். ராஜா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பரிசு வாங்கப் புதுக் கிரீடத்தோடு. அந்தப் புதன்கிழமைப் பதிவு ஓடியது, பெற்றோர்கள் சிரித்தார்கள். திரை சுவர் அளவுக்கு இருந்தது. வகுப்பில் உள்ளங்கை அகலம் தெரிந்த முகம் இப்போது ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. மோவாய் நடுங்கியது. ராஜா முதலில் தன் குரலைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

கைதட்டல் நடுவே மேடைக்குக் கூப்பிட்டார்கள். ராஜா எழுந்திருக்கவில்லை. "வயித்து வலி" என்று டீச்சர் சொல்லிவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். குழாயடியில் முகம் கழுவிவிட்டாள். பரிசை ஹெட்மாஸ்டரே வாங்கிக்கொண்டார்.

"அது நடிப்பு இல்லதானே டீச்சர்?"

டீச்சர் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பொய் ஒன்றும் மிச்சமில்லை.

"நான்தானே திறன்னு சொன்னேன்."

"நீ ராஜா வேஷத்துல சொன்னேம்மா. நான் எந்த வேஷத்துலயும் இல்ல. நான்தான் போ போன்னு கை காட்டினேன்."

பிள்ளை யோசித்தாள். "எழுந்து போறதுக்கு முன்னாடி அவ யாரைப் பார்த்தா? என்னையா, உங்களையா?"

"என்னைத்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா" என்றாள். அந்தப் பதிவை அவள் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள். கேமராவைப் பார்க்கிற முகம், எதிரே யார் நின்றாலும் அவரைப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது.